ஈரம் போனால்தான் கூதல் போகும்: மலையகத்தில் ஏழு நாள்

முதல் நாள்: கண்டி

கண்டியில் ஹீட்டர் தேவையில்லை. ஏறத்தாழ 500 மீற்றர் உயரம்தான்; தை மாத விடியற்காலையும் ஒரு மெல்லிய போர்வைக்கு அடங்கிவிடும். ஆனால் நாளை நுவரெலியாவுக்கு ஏறுகிறவர்கள், அறைச் சூட்டுக்கான வேலையில் பாதியை இங்கேயே முடித்துவிட வேண்டும். மேலே போய் விறைத்த பிறகு கடை தேடி அலைவது வீண்.

முதல் வேலை, தங்கப்போகும் இடத்துக்குப் போன் எடுப்பது. “தம்பி, ரூம்ல ஹீட்டர் இருக்குதா?” என்று கேட்டால் “இருக்குங்க ஐயா” என்றுதான் பதில் வரும். அது பொய்யாக இருக்காது. ஆனால் இருபது அறைக்கு ஐந்து ஹீட்டர் இருந்தாலும் அதே பதில்தான். ஆகவே இப்படிக் கேளுங்கள்: அது ஒயில் ஹீட்டரா, ஃபேன் ஹீட்டரா, கம்பி சிவக்கிற ஹீட்டரா? எங்கள் அறைக்கென்று ஒன்று ஒதுக்குவீர்களா? தனிக் கட்டணம் உண்டா? அது இரவுக்கா, மணிக்கா? கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஹீட்டரை இழுக்குமா? பல இடங்களில் ஜெனரேட்டர் விளக்குக்கும் பிளக் பொயின்ட் ஒன்றிரண்டுக்கும் மட்டும்தான். கடைசியாக, இதை மறக்க வேண்டாம்: நாங்கள் வருவதற்கு முன்பே, நாலு மணிக்கே ஹீட்டரைப் போட்டு வைப்பீர்களா? ஏன் நாலு மணி என்பதை நாளை மறுநாள் எழுதுகிறோம்.

இரண்டாவது, பிளக். இலங்கையில் மின்சாரம் 230 வோல்ட். புதிய கட்டடங்களில் மூன்று சதுர முனை கொண்ட 13 அம்பியர் பொயின்ட்தான் இருக்கும். பழைய பங்களாக்களில் உருண்டை முனைப் பொயின்ட்கள் இன்னும் இருக்கின்றன, சிறியது 5 அம்பியர், பெரியது 15 அம்பியர். இலண்டனிலிருந்து வருபவரின் பிளக் அப்படியே போகும். தமிழ்நாட்டிலிருந்து வருபவருக்கு அடாப்டர் வேண்டும். கனடாவிலிருந்து வருபவர் அங்கே வாங்கிய மின்போர்வையையோ தலைமயிர் உலர்த்தியையோ இங்கே கொண்டுவரவே கூடாது. 120 வோல்ட்டுக்குச் செய்த சூட்டுக்கம்பியில் 230 வோல்ட் பாய்ந்தால் அது மூன்றரை மடங்குக்கும் மேல் சக்தியை இழுக்கும்; நிமிடக்கணக்கில் கருகிப்போகும். அடாப்டர் முனையின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது.

மூன்றாவது, கண்டி நகரத்துப் பாமசி ஒன்றில் இறப்பர் சுடுதண்ணீர்ப் பை ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இந்தப் பயணத்தில் காசுக்கு அதிகம் உழைக்கும் பொருள் அதுதான்.

இரண்டாம் நாள்: கண்டியிலிருந்து நுவரெலியா

கம்பளை, புசல்லாவை, றம்பொடை, லபுக்கலை வழியாக எண்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவான பாதை. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ ஆறரைப் பாகை (செல்சியஸ்) குறையும் என்பது பொதுக் கணக்கு. நுவரெலியா 1,868 மீற்றர். கண்டியைவிட ஒன்பது பாகை குறைவாக இருப்பதில் வியப்பில்லை. றம்பொடை ஆஞ்சநேயர் கோயில் தாண்டியதும் வாகனத்தில் யன்னலை மூடுவார்கள். லபுக்கலையில் சுவெட்டர் வெளியே வரும்.

தை, மாசி இரவுகளில் நுவரெலியாவில் வெப்பநிலை பெரும்பாலும் 10 பாகையை ஒட்டி நிற்கும். மேகம் இல்லாத இரவுகளில் 4 பாகைக்கும் கீழே போய்ப் புல்லிலும் உருளைக்கிழங்கு இலையிலும் உறைபனி பூக்கும். குளிர் நாடுகளில் இருந்து வரும் நம் சனங்கள் “பத்துப் பாகையா? அது எங்களுக்கு வசந்தகாலம்” என்பார்கள். இரவு பதினொரு மணிக்கு அவர்கள்தான் இரண்டாவது கம்பளி கேட்டு மணி அடிப்பார்கள். காரணம் எளிது. அங்கே வெளியே பூச்சியம் என்றாலும் வீட்டுக்குள் 21. இங்கே வெளியே 10 என்றால் உள்ளே 13. அந்த 13இலும் ஈரம் கலந்திருக்கிறது.

இந்த ஊர்க் கூதலின் குணமே அந்த ஈரம்தான். ஐப்பசி முதல் மார்கழி வரை தூறலும் மூடுபனியும் போட்டுவைத்த ஈரம், தை பிறந்த பிறகும் மெத்தையிலும் தலையணையிலும் அலுமாரியிலும் குந்தியிருக்கும். பூட்டியே கிடந்த அறையைத் திறந்ததும் ஒரு புளித்த வாடை வருமே, அதுதான். ஈரமான விரிப்பு உடம்புச் சூட்டை வாங்கித் தன் தண்ணீரை உலர்த்தப் பார்க்கும். அதாவது ஹீட்டர் செய்ய வேண்டிய வேலையை இரவு முழுக்க உங்கள் உடம்பு செய்துகொண்டிருக்கும்.

அறைக்குள் போனதும் பையை வைக்குமுன் செய்ய வேண்டியவை இவை. மேல் போர்வையை விலக்கி, அடிவிரிப்பைக் கன்னத்தில் ஒற்றிப் பாருங்கள். குளிர்ந்த துணியும் ஈரத் துணியும் கைக்கு ஒன்றுபோல் தெரியும், கன்னம் ஏமாறாது. உலர்ந்த துணி இரண்டு மூன்று விநாடியில் கன்னத்துச் சூட்டுக்கு வந்துவிடும். ஈரத் துணி குளிர்ந்தபடியே ஒட்டிக்கொண்டிருக்கும். ஈரம் என்றால் தயங்காமல் விரிப்பை மாற்றித் தரச் சொல்லுங்கள். இஸ்திரி போட்ட சூட்டோடு தந்தால் இன்னும் நல்லது. மெத்தையே ஈரமென்றால் அறையை மாற்றுங்கள். ஓரிரவு ஹீட்டர் மெத்தையை உலர்த்தாது.

அடுத்தது கம்பளி. மூன்று கம்பளி தந்தால் மூன்றையும் மேலே போடுவதுதான் எல்லோருடைய வழக்கம். ஒன்றை எடுத்து மெத்தைக்கும் விரிப்புக்கும் நடுவே விரித்துப் பாருங்கள். ஸ்பிரிங் மெத்தையின் உள்ளே இருப்பது வெறும் காற்று. அது கீழிருந்து சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். மேலே ஒரு கம்பளி குறைந்தாலும் கீழே ஒன்று இருந்தால் தூக்கம் வரும். கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் முதுகில் போடுகிற அந்தக் கறுத்த முரட்டுக் கம்பளி கிடைத்தால் அதையே கீழே போடுங்கள். உடம்பில் பட்டால் குத்தும், விரிப்புக்கு அடியில் அந்தக் குறை தெரியாது.

அறை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். நுவரெலியா ஒரு கிண்ணம். பிதுருதலாகலையும் சுற்றிய மலைகளும் விளிம்பு. ஏரியும் குதிரைப் பந்தயத் திடலும் அடி. காற்றில்லாத தெளிந்த இரவில் குளிர்ந்த காற்று கனத்து, தண்ணீர்போல வழிந்து அடியில் தேங்கும். ஏரிக்கரை அறை கண்ணுக்கு அழகு. விடியற்காலை நாலு மணிக்கு அதுதான் ஊரிலேயே குளிர்ந்த அறை. சரிவில் கொஞ்சம் மேலே உள்ள அறை ஓரிரு பாகை இதமாக இருக்கும். தை மாதத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால், தெற்கும் மேற்கும் பார்த்த யன்னல் உள்ள அறையைக் கேளுங்கள். பிற்பகல் வெயில் சுவரில் ஏறும். நாலு மணிக்கு யன்னலை மூடித் திரைச்சீலையையும் இழுத்துவிட்டால் அந்தச் சூடு சாப்பாட்டு நேரம் வரை நிற்கும்.

மூன்றாம் நாள்: நுவரெலியா, ஹீட்டர்கள்

இன்று முழுக்க ஹீட்டர்தான்.

முதலில் அந்த நாலு மணிக் கணக்கு. 4 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம், 3 மீற்றர் உயரம் உள்ள அறை என்று வையுங்கள். அதிலுள்ள காற்றை மட்டும் 10 பாகை உயர்த்த 1,500 வாட் ஹீட்டருக்கு ஆறு நிமிடம்கூட வேண்டாம். ஆனால் அறை என்பது காற்று மட்டுமல்ல. வெள்ளைக்காரன் காலத்துக் கற்சுவர், சீமெந்துத் தரை, தேக்கு அலுமாரி, மெத்தை எல்லாம் குளிர்ந்து கிடக்கின்றன. காற்றுக்குக் கொடுத்த சூட்டை அவை உடனே பிடுங்கிக்கொள்ளும். சுவர் நிறைய மூன்று மணி நேரம் போகும். இரவு ஒன்பது மணிக்கு ஹீட்டரைப் போட்டு, பத்து மணிக்கு “இது வேலை செய்யவில்லை” என்று சலிப்பதில் நியாயம் இல்லை. ஹீட்டர் நன்றாகத்தான் வேலை செய்கிறது, சுவருக்கு. நாலு அல்லது ஐந்து மணிக்கு முழு வேகத்தில் தொடங்கி, படுக்கப் போகும்போது குறைப்பதுதான் முறை.

நாலு மணிக்குத் தொடங்க இன்னொரு காரணம், மறுபடியும் ஈரம். 8 பாகையில் நிறைந்த ஈரத்தோடு இருக்கும் காற்றில் ஒரு கன மீற்றருக்கு 8 கிராம் தண்ணீர்தான் இருக்கும். அதே காற்றை 20 பாகைக்குச் சூடாக்கினால் அது 17 கிராம் வரை தாங்கும். வெளியே எவ்வளவு பனி மூட்டமாக இருந்தாலும், அந்தக் காற்று உள்ளே வந்து சூடானதும் பாதி வறண்ட காற்றாகிவிடும். விரிப்பிலும் சுவரிலும் உள்ள ஈரத்தை உறிஞ்சத் தொடங்கும். யன்னலைப் பத்து நிமிடம் திறந்து அந்த ஈரக் காற்றை வெளியே விட்டுவிட்டு மறுபடி மூடிச் சூடாக்கினால் அறை உலர்ந்துகொண்டே வரும். சூடாக்காத அறையை எவ்வளவு திறந்து வைத்தாலும் உலராது, திறக்காத அறையை எவ்வளவு சூடாக்கினாலும் உலராது. மார்கழித் தூறலில் பகலே 14 பாகை மூடுபனியாக இருந்தால் இந்த உத்தியின் பலன் குறையும். அப்போதும் கொஞ்சம் உண்டு.

ஒயில் ஹீட்டர்தான் படுக்கையறைக்கு ஏற்றது. ஏழு, ஒன்பது, பதினொரு தகடுகளோடு வரும். தகடு கூடக்கூடச் சூடு தரும் பரப்பு கூடும். உள்ளே உள்ள ஒயில் எரிவதில்லை, சூட்டைப் பிடித்து வைப்பது மட்டுமே அதன் வேலை. ஊற்றி நிரப்பத் தேவையில்லை. தரையில் ஒயில் கசிந்திருந்தால் அந்த ஹீட்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வைக்கும் இடம் யன்னலுக்குக் கீழே. கண்ணாடியில் பட்டுக் குளிர்ந்து விழும் காற்றை அது அங்கேயே மறித்துச் சூடாக்கி மேலே அனுப்பும். கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தால் அந்தப் பக்கம் வியர்க்கும், மறுபக்கம் விறைக்கும். திரைச்சீலை அதில் படக்கூடாது. துணி, மரச்சாமான்களிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். மேலே ஈரக் காலுறையைக் காயப் போடாதீர்கள். துணி மூடிய இடத்தில் சூடு அடைபட்டுப் பாதுகாப்புச் சுவிட்ச் விழும். விழாவிட்டால் துணி கருகும்.

குமிழைத் திருகத் தெரிய வேண்டும். இரண்டு சுவிட்சையும் போட்டுக் குமிழை முழுதாக வலப்பக்கம் திருப்புங்கள். அறை இதமானதும் குமிழை மெல்ல இடப்பக்கம் திருப்பிக்கொண்டு வந்தால் ஓரிடத்தில் ‘டிக்’ என்று கேட்கும். அங்கேயே விட்டுவிடுங்கள். இனி அந்தச் சூட்டை அதுவே காத்துக்கொள்ளும். 18 முதல் 20 பாகை போதும். 25க்கு ஏற்றினால் தொண்டை வறண்டு நடுராத்திரியில் எழும்ப வேண்டிவரும். 1,500 வாட் ஹீட்டர் எட்டு மணி நேரம் நிற்காமல் ஓடினால் 12 யூனிட். குமிழை இப்படி வைத்தால் அது விட்டுவிட்டுத்தான் ஓடும்.

பிளக் பற்றி இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல நேரம் தீப்பிடிப்பது ஹீட்டரில் அல்ல, பிளக்கில். 2,000 வாட் என்றால் ஏறத்தாழ 9 அம்பியர். 13 அம்பியர் பொயின்ட் தாங்கும். 5 அம்பியர் உருண்டைப் பொயின்ட்டில் அடாப்டர் போட்டு அதையே குத்தினால் தாங்காது. இன்று பார்த்த ஒரு அறையில் அந்தத் தடயம் அப்படியே இருந்தது: வெள்ளைப் பொயின்ட்டில் வலப்பக்கத் துளையைச் சுற்றி மட்டும் தேத்தண்ணிக் கறைபோல ஒரு பழுப்பு வளையம், துளையின் ஓரம் கொஞ்சம் உருகி உள்வாங்கியிருந்தது. பிடி தளர்ந்த தொடுப்பில் மின்சாரம் பாயும்போது சூடு அந்த ஒரு புள்ளியில் சேரும். அதன் அடையாளம்தான் அந்த வளையம். அப்படி ஒன்றைக் கண்டால் அந்தப் பொயின்ட்டைத் தொடாதீர்கள். நல்ல பொயின்ட் என்றாலும் ஹீட்டர் போட்டுப் பதினைந்து நிமிடம் கழித்துப் பிளக்கின் முதுகைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இருக்கலாம், கையை எடுக்க வைக்கும் சூடு என்றால் நிறுத்துங்கள். மல்டி பிளக்கில் ஹீட்டரும் கேத்தலும் சேர்ந்து போகவே கூடாது. எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருட்டியபடி பயன்படுத்தினால் சுருளுக்குள் சூடு அடைபட்டு வயர் உருகும்.

ஹீட்டரைப் போட்டதும் டிரிப் சுவிட்ச் விழுந்தால் எல்லோரும் ‘லோட் கூடிவிட்டது’ என்பார்கள். மலையகத்தில் பெரும்பாலும் அது காரணமல்ல. மே முதல் மார்கழி வரை சாமான் அறையில் கிடந்த ஹீட்டரின் சூட்டுக்கம்பியைச் சுற்றியுள்ள வெள்ளைப் பொடி காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துவிடும். அந்த ஈரத்தின் வழியே கொஞ்சம் மின்சாரம் ஹீட்டரின் உலோகக் கூட்டுக்குக் கசியும்; 30 மில்லி அம்பியர் கசிந்தாலே டிரிப் விழுந்துவிடும். அது உயிர் காக்கும் விழுதல். மறுபடி மறுபடி தூக்கிப் போடாமல் வேறு ஹீட்டர் கேளுங்கள். ஹோட்டல் நடத்துபவர்களுக்கு: சீசனுக்கு இரண்டு வாரம் முன்னரே ஒவ்வொரு ஹீட்டரையும் வெயிலில் உலர வைத்து எலெக்ட்ரீஷியனைக் கொண்டு சோதித்துவிடுங்கள்.

ஃபேன் ஹீட்டர் சீக்கிரம் சூடு தரும், நிறுத்திய மறுநிமிடம் குளிரும். விடிய எழும்பி உடுப்பு மாற்றும் பத்து நிமிடத்துக்கு நல்லது. இரவு முழுக்க அதன் இரைச்சலில் தூங்க முடியாது. குளியலறைக்குள் கொண்டுபோகக் கூடாது. கம்பி சிவக்கிற ஹாலஜன் ஹீட்டர் தனக்கு நேரே இருப்பதை மட்டும் சுடும். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது காலுக்கு இதம். தூங்கும்போது அதை அணைத்துவிடுங்கள். ஒரு போர்வை நழுவி விழுந்தால் போதும்.

சுவரில் ஏசி இருந்தால் ரிமோட்டில் சூரியன் படம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அது சூடும் தரும், ஒயில் ஹீட்டர் இழுக்கும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்களவிலேயே. 22இல் வைத்துக் காற்று கீழ்நோக்கி வரும்படி தகட்டைத் திருப்புங்கள். சூடான காற்று தானாக மேலே போகும். போட்டதும் சில நிமிடம் காற்றே வராது, அது பழுதல்ல. பனிக்குளிரில் நடுவே ஐந்து பத்து நிமிடம் நிற்கும். வெளியே உள்ள பெட்டியில் படிந்த உறைபனியை உருக்கிக்கொண்டிருக்கும்.

நான்காம் நாள்: நுவரெலியா, கணப்பு

1848இல் சாமுவேல் பேக்கர் இங்கே குடியேற்றம் அமைத்த காலத்திலிருந்து இந்த ஊரின் சூடு விறகுதான். 1876இல் தொடங்கிய ஹில் கிளப் போன்ற பழைய கட்டடங்களில் கணப்படுப்பு இன்னும் இருக்கிறது. அழகு வேறு, சூடு வேறு. திறந்த கணப்பில் விறகின் சூட்டில் பெரும்பங்கு சிம்னி வழியே வானத்துக்குப் போய்விடும். போகும்போது அறையில் உள்ள சூடான காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். அந்த இடத்தை நிரப்பக் கதவு இடுக்கால் குளிர்காற்று வரும். கணப்புக்கு முன்னால் முகம் சுட்டு முதுகு குளிர்வது அதனால்தான். ஆகவே நாற்காலியைக் கணப்புக்கும் கதவுக்கும் நேர்கோட்டில் போடாதீர்கள்.

விறகு என்றால் இங்கே டர்பன்டைன், வாட்டில், சைப்பிரஸ், தேயிலைக்குள் நிழலுக்கு நிற்கும் கிரவீலியா ஆகிய மரங்கள். பற்ற வைக்க மிலாறுக்கு, அதாவது கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சிக்கு, நிகர் இல்லை. உலர்ந்த மிலாறு சடசடவென்று பிடித்துச் சூட்டைக் கொட்டும், ஆனால் நிற்காது. நின்று எரிய உலர்ந்த டர்பன்டைன் பிளவு வேண்டும். உலர்ந்ததா என்று பார்க்க இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டுங்கள். ‘டங்’ என்றால் காய்ந்தது. ‘தொப்’ என்றால் பச்சை. வெட்டுமுகத்தில் வெடிப்பு ஓடியிருக்க வேண்டும். பச்சை விறகில் எடையில் பாதிவரை தண்ணீர் இருக்கும். அது எரிவதற்குப் பதில் அவிந்து புகையும்.

பற்ற வைக்கும் முன் சிம்னியை அடைக்கும் தகடு திறந்திருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். குளிர்ந்த சிம்னி புகையை மேலே இழுக்காது. ஒரு பத்திரிகைத் தாளை முறுக்கிப் பற்ற வைத்துச் சிம்னியின் வாயருகே அரை நிமிடம் பிடியுங்கள். அந்தப் புகை மேலே ஏறத் தொடங்கிய பிறகு விறகுக்குத் தீ வையுங்கள். கீழே இரண்டு பிளவு, அதன்மேல் குறுக்காகச் சிராய், உச்சியில் தாளும் மிலாறும் என்று அடுக்கி மேலிருந்து பற்ற வைத்தால் புகை குறைவு. மண்ணெண்ணெய் ஊற்றவே வேண்டாம். புகை அறைக்குள் திரும்பினால் யன்னலை இரண்டு விரல் அளவு திறந்து பாருங்கள். அறை இறுக்கமாக மூடியிருந்தால் சிம்னிக்கு இழுக்கக் காற்று இருக்காது. அப்போதும் திரும்பினால் அணைத்துவிடுவதே சரி. முன்னால் கம்பிவலைத் தட்டி இல்லாமல் படுக்கப் போகாதீர்கள். தணல் செத்துச் சாம்பல் ஆறும் வரை சிம்னித் தகட்டை மூடவே கூடாது.

இனிச் சொல்வதைக் குழந்தைகள் உட்பட உடன் வரும் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். கரியடுப்பை, பார்பிக்யூ அடுப்பை, தணல் சட்டியை அறைக்குள் கொண்டுவரவே கூடாது. முற்றத்தில் இறைச்சி சுட்டு முடிந்ததும் “தணல் வீணாகப் போகுதே” என்று உள்ளே இழுத்து வைக்கத் தோன்றும். தணலில் புகை இல்லை, மணம் இல்லை. கார்பன் மொனொக்சைட் இருக்கிறது. அது இரத்தத்தில் ஒட்சிசன் உட்காரும் இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும். தலைவலி, தலைச்சுற்று, குமட்டல், பிறகு தூக்கம். அந்தத் தூக்கத்திலிருந்து எழும்ப முடியாமலே போகலாம். ஓர் அறையில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால் காரணம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். கதவைத் திறந்து எல்லோரையும் வெளியே கொண்டுவந்து 1990க்கு அழையுங்கள்; சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

சிம்னி இல்லாத கேஸ் ஹீட்டரும் படுக்கையறைக்கு ஆகாது. அதே ஆபத்தோடு, ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை லீற்றருக்கும் மேல் தண்ணீர் ஆவியாகி அறைக்குள் வரும். ஈரத்தை விரட்ட வந்த ஊரில் ஈரத்தை விலைக்கு வாங்குவது அது.

ஐந்தாம் நாள்: ஹோட்டன் சமவெளி போய்த் திரும்பி

விடியுமுன் புறப்பட்டு அம்பேவெல, பட்டிப்பொல வழி. சமவெளி 2,100 மீற்றருக்கு மேல். தெளிந்த தை விடியலில் புல் வெள்ளையாக நிற்கும். திரும்பி வரும்போது சப்பாத்து நனைந்திருக்கும். உள்ளே பத்திரிகைத் தாளைத் திணித்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஹீட்டரிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி, வாய் ஹீட்டரைப் பார்க்கச் சாய்த்து வையுங்கள். கிட்ட வைத்தால் பசை விட்டு அடித்தோல் கழன்றுவிடும்.

எல்லோரும் ஒரே நேரத்தில் குளிக்கப் போவதால் இன்று சுடுதண்ணீர்ச் சண்டை வரும். அதன் கணக்கு இது. தண்ணீர் ஓடும்போதே சூடாக்கும் சிறிய பெட்டி 3.5 கிலோவாட் என்று வையுங்கள். கொழும்பில் குழாய்த் தண்ணீர் 28 பாகை. அதை 38 ஆக்க, நிமிடத்துக்கு 5 லீற்றர் வரும். நுவரெலியாவில் குழாய்த் தண்ணீர் 15 பாகை. அதே பெட்டி நிமிடத்துக்கு 2 லீற்றரைச் சற்றுத் தாண்டித்தான் தரும். குழாயை முழுதாகத் திறந்தால் குளிர்தண்ணீர்தான். நூல் போல வரும்வரை திருகிக் குறைத்து, வாளியில் பிடித்துக் குளியுங்கள். தொட்டி வைத்த கீசர் என்றால், 30 லீற்றர் தொட்டி 60 பாகைக்கு வர 1,500 வாட்டில் ஒரு மணி நேரம் ஆகும். குளிர்தண்ணீர் கலந்தால் 55 லீற்றர், ஷவரில் ஏழு நிமிடம். இரண்டு பேருக்கு நடுவே ஒரு மணி நேரம் விடுங்கள். கூரையில் சோலார் மட்டும் இருந்தால் மூடுபனி நாளில் பிற்பகல் மூன்று மணிக்குள் குளித்துவிடுங்கள். குளித்ததும் குளியலறைக் கதவை மூடி, அதன் யன்னலைத் திறந்துவிடுங்கள். அந்த ஆவி படுக்கைக்கு வரக்கூடாது.

ஆறாம் நாள்: ஹப்புத்தளை

1,400 மீற்றர்தான், நுவரெலியாவைவிட இதம் என்று நினைத்து வருகிறவர்களை இங்கே காற்று பிடித்துக்கொள்ளும். ஊர் மலைமுகட்டின் வெட்டில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கம் ஊவா, மறுபக்கம் தாழ்நிலம். அந்த வெட்டு வழியே காற்று இரவு முழுக்க ஓடும். ஹீட்டர் தந்த சூட்டை மணிக்கு இரண்டு தடவை வெளியே துடைத்துப்போட இடுக்குகளே போதும்.

நனைத்துப் பிழிந்த விரலை யன்னல் சட்டத்தைச் சுற்றி நகர்த்துங்கள். சில்லென்று படுகிற இடம் இடுக்கு. பத்திரிகைத் தாளை நீளவாக்கில் நாலாக மடித்து, கத்தி முனையால் அழுத்திச் செருகுங்கள். கதவடிக்கு ஒரு குளியல் துவாயைச் சுருட்டி வையுங்கள். யன்னலுக்கு மேலே உள்ள காற்றுத் துளைகளில் ஒன்றை மட்டும் திறந்து விடுங்கள்; இரண்டு பேர் இரவில் மூச்சாலும் வியர்வையாலும் அரை லீற்றருக்கு மேல் தண்ணீர் விடுவார்கள், அது எங்காவது போக வேண்டும். இப்படி அடைப்பது மின் ஹீட்டர் அறைக்கு மட்டும். கணப்பு எரியும் அறையில் ஓர் இடுக்கையும் தொடாதீர்கள்.

அறையைச் சூடாக்க முடியாத இரவில் படுக்கையைச் சூடாக்குங்கள். ஹீட்டர் 1,500 வாட் கேட்கிறது, மின்போர்வை 100 வாட்டில் முடிந்துவிடும். அது இல்லாதவர்களுக்குச் சுடுதண்ணீர்ப் பை. நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதிக்கும், இங்கே ஓரிரு பாகை கூட. அதுவும் தோலை உரிக்கும் சூடுதான். கேத்தல் கொதித்து ஐந்து நிமிடம் ஆறட்டும். பையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு மூன்றில் இரண்டு பங்கு ஊற்றுங்கள். மேசையில் படுக்க வைத்து, தண்ணீர் வாய்வரை வரும் அளவுக்கு மெல்ல அழுத்திக் காற்றை வெளியேற்றிய பிறகு மூடியைத் திருகுங்கள். காற்று இருந்தால் பை சீக்கிரம் ஆறும், திருப்பும்போது வாயருகே வெடித்துச் சிந்தும். துவாயில் சுற்றி, படுப்பதற்கு அரை மணி முன் நடுமெத்தையில் வையுங்கள். படுக்கும்போது காலடிக்குத் தள்ளுங்கள். கைக்குழந்தைக்குப் படுக்கை சூடானதும் பையை எடுத்துவிடுங்கள். நீரிழிவால் கால் மரத்துப்போன அப்பா அம்மாவுக்குக் காலில் படும்படி வைக்கவே கூடாது. சுட்டது அவர்களுக்குத் தெரியாது, காலையில் கொப்புளம்தான் தெரியும்.

ஏழாம் நாள்: பண்டாரவளை, எல்ல

பண்டாரவளையில் ஒரு கம்பளி, எல்லவில் ஒரு போர்வை. எல்ல ஆயிரம் மீற்றர்தான். அறையில் மேலே ஃபேன் சுற்றுகிறது, சுவரில் உள்ள ஏசியின் ரிமோட்டில் பெரும்பாலும் சூரியன் படம் இருக்காது. மழை நாளில் ஈரம் மட்டும் உண்டு. யன்னலைத் திறந்து ஃபேனை மெல்ல விட்டால் போதும்.

பையைக் கட்டுமுன் சுடுதண்ணீர்ப் பையின் மூடியைக் கழற்றி, தலைகீழாக ஒரு ஆணியில் தொங்க விடுங்கள். ஓர் இரவு முழுக்கத் தண்ணீர் வடிய வேண்டும். உள்ளே கொஞ்சம் காற்று ஊதி, மூடியை லேசாகப் போட்டு எடுத்துச் செல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்த தைக்குள் இறப்பரின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது கிழிந்துவிடும்.